3.5 டன் இழுக்கும் என்கிறது விளம்பரம்

ஆஸ்திரேலியாவில் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓர் எண்: 2.5 டன் இழுக்கும், 3 டன் இழுக்கும், 3.5 டன் இழுக்கும். விற்பவர்கள் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், வாங்குபவர்களும் அதை வைத்தே வண்டிகளை வரிசைப்படுத்துகிறார்கள். விடுமுறையில் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பும் பல குடும்பங்களுக்குக் கழுத்தைப் பிடிக்கும் எண் இதுவல்ல. உண்மையில் பிடிக்கும் எண் விளம்பரத்தில் வருவதே இல்லை.

முதலில் எதை இழுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி. இங்கே அது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள கேரவன் சாமான் ஏற்றியதும் இரண்டரை டன்னைச் சாதாரணமாகத் தொடும். கூடாரம் மடித்துவைத்த கேம்பர் டிரெய்லர் அதில் பாதி எடைதான் இருக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பம், வருடத்துக்கு மூன்று நான்கு பயணம் என்றால் கேம்பர் டிரெய்லர் தாராளம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய வண்டியை வாங்கிவிட்டு, அது இழுக்கும் என்பதற்காகவே பெரிய கேரவனையும் வாங்குகிறார்கள்.

இனி சில எழுத்துச் சுருக்கங்கள். கேரவனின் தகட்டில் ஏடிஎம் என்று ஓர் எண் இருக்கும். (வங்கி ஏடிஎம் அல்ல, பணத்தை விழுங்குவதில் அதற்கு நேரெதிர்.) சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு கேரவன் தாண்டக் கூடாத மொத்த எடை அது. ஜிவிஎம் என்பது காருக்கான உச்ச எடை: ஆட்கள், டீசல், சாமான், மேலே கட்டியது எல்லாம் சேர்த்து. ஜிசிஎம் என்பது இரண்டும் சேர்ந்த கூட்டு எடைக்கான வரம்பு. இவற்றோடு டோ பால் பாரமும் உண்டு. காரின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கியின் மேல் கேரவனின் மூக்கு எவ்வளவு அழுத்துகிறது என்பதே அது. பொதுவாக கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்க வேண்டும் என்பார்கள். அதைவிட மிகவும் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு காரின் ஜிவிஎம் கணக்கில் போய் உட்காரும். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒரு நடுத்தர வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டி 2,200 கிலோ, ஜிவிஎம் 2,850 என்றால் ஏற்றக்கூடியது 650. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர்: 260. முன்பக்க இரும்பு புல்பாரும் அதில் பூட்டிய வின்ச்சும்: 100. கூரைச் சட்டமும் அதன் மேல் கூடாரமும்: 90. இரண்டாவது பேட்டரி, ஃபிரிட்ஜ், பின்னால் இழுப்பறைகள்: 110. குடிதண்ணீர் 40 லிட்டர்: 40. கருவிப்பெட்டி, மீட்புக் கயிறு: 30. கூட்டினால் 630. இன்னும் கேரவனை மாட்டவில்லை. இப்போது 2,200 கிலோ கேரவனை மாட்டுங்கள், கொக்கியில் 220 இறங்கும். 2.5 டன் இழுக்க அனுமதி பெற்ற வண்டி, 2.2 டன்னை மாட்டியதுமே சட்ட வரம்பை 200 கிலோ தாண்டிவிட்டது. புல்பாரும் வின்ச்சும் இழுப்பறையும் பூட்டித் 'தயார் நிலையில்' விற்கப்படும் பழைய வண்டிகள் கவர்ச்சியாகத் தெரிவதன் மறுபக்கம் இது. முன்னாள் உரிமையாளர் உங்களுக்கான இடத்தைத் தின்று முடித்திருப்பார்.

எடையைப் படிக்கும்போது இன்னொரு நெளிவும் உண்டு. ஆஸ்திரேலியாவில் டேர் எடை என்று சொல்வது டாங்கியில் 10 லிட்டர் எரிபொருளோடு எடுத்த எடை. 180 லிட்டர் டாங்கி உள்ள வண்டியில் முழு டீசல் மட்டுமே 150 கிலோ. எந்த எண்ணை வைத்துக் கழிக்கிறோம் என்று பார்க்காவிட்டால் கணக்கு அங்கேயே பிசகும்.

கொக்கியில் இறங்கும் 200 கிலோ பின் அச்சில் 200 ஆகவும் நிற்பதில்லை. சீசா பலகைதான் கதை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.8 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு அப்பால் 1.2 மீட்டர் என்றால், பின் அச்சுக்கு 286 கிலோ கூடும், முன் அச்சிலிருந்து 86 கிலோ தூக்கப்படும். பின்பக்கம் அமுங்கி, முன்விளக்குகள் மரக்கிளைகளைப் பார்த்தபடி போகும் கார்களை விடுமுறை நாட்களில் பார்க்கலாம். அப்படிப் போனால் ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக் பிடிமானம் இழக்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிரும். ஆனால் அதனால் மட்டும் ஜிவிஎம் ஒரு கிலோகூட உயராது. அதற்கு அங்கீகாரம் பெற்ற தனி மாற்றம் வேண்டும்.

சரி, எந்த வண்டி?

லேண்ட்குரூசர் 80 வரிசை 1990 முதல் 1998 வரை வந்தது. முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு, சுருள் ஸ்பிரிங், மலைபோன்ற பெயர். அதன் 4.2 லிட்டர் டர்போ இல்லாத டீசல் இன்ஜின் ஆயுளுக்குப் பேர்போனது, ஏற்றத்தில் பொறுமைக்கும் பேர்போனது. அதிகாரபூர்வ இழுவை 2,500 கிலோதான் என்று சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள். பின்வந்த 100 வரிசை 3,500 இழுக்கும், அதன் 4.2 டர்போ டீசல் 151 கிலோவாட் தரும், இழுவைக்கென்றே செய்தது போலிருக்கும். இரண்டுக்கும் இன்று வயதுக்குப் பொருந்தாத விலை. ஏக்கத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம்.

நிசான் பேட்ரோல் ஜியூ அதே முரட்டு ரகம், விலை கொஞ்சம் இறங்கும். 4.2 டீசல் கிடைத்தால் நல்லது. 2000-இல் வந்த 3 லிட்டர் டீசலின் தொடக்ககால இன்ஜின்கள் பிஸ்டன் உருகிப் போனதால் 'கையெறிகுண்டு' என்று பட்டப்பெயர் வாங்கின. பிழைத்து ஓடுபவை இன்னும் பல உண்டு, என்றாலும் அதில் கை வைக்குமுன் நன்கு தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்கான பேச்சு என்றால் என் கை பிராடோ 120 பக்கம் போகும். 2003 முதல் 2009 வரை இங்கே விற்றது. இழுவை 2,500, பெரும்பாலான மாடல்களில் இரட்டை டாங்கி சேர்த்து 180 லிட்டர். இதிலும் வருடம் பார்த்து வாங்க வேண்டும். 2006 வரை வந்த பழைய 3 லிட்டர் டீசலில் சிலிண்டர் ஹெட் விரிசல் விடுவது தெரிந்த நோய். அடுத்து வந்த டி4டி டீசலில் இன்ஜெக்டர் அடிச் சீல்கள் கசிந்து, கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் வராமல் இன்ஜின் போகும். சீல் மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். இரண்டு டீசல்களுக்கும் டைமிங் பெல்ட் 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. 4 லிட்டர் பெட்ரோல் வி6-க்கு இந்தத் தொல்லைகள் இல்லை, பெல்ட்டுக்குப் பதில் செயின். கேரவனை மாட்டினால் பெட்ரோலைக் குடிக்கும் என்பது உண்மை. வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் இழுப்பவருக்கு, ஒரு டீசல் இன்ஜின் பழுதின் செலவில் பல வருடப் பெட்ரோல் அடங்கிவிடும். பெட்ரோல் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மிட்சுபிஷி பஜேரோவைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கறுப்புக் கண்ணாடியும் அமைச்சர் பரிவாரமும் நினைவுக்கு வரலாம். ஆஸ்திரேலியாவில் அது நடுத்தர வர்க்க வண்டி, 2021 வரை விற்றது. 2000-க்குப் பிந்தையவற்றில் தனிச் சட்டகம் கிடையாது, உடலோடு சேர்த்தே வார்த்தது. தார்ச் சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தை வைத்தே ஓட்டலாம், மழையில் இழுக்கும்போது பெரிய உதவி. பிற்கால மாடல்களுக்கு 3,000 கிலோ இழுவை என்று எழுதியிருக்கும். சிறு எழுத்தையும் படியுங்கள்: கேரவன் 2,500 கிலோவைத் தாண்டினால் கொக்கியில் அனுமதிக்கும் பாரம் 250-லிருந்து 180 ஆக இறங்கும். மூன்று டன்னுக்கு 180 என்றால் ஆறு சதவீதம். எழுத்தில் உள்ள மூன்று டன்னை நடைமுறையில் இரண்டரை என்றே கொள்ள வேண்டும். இதைத் தெரிந்து வாங்குபவருக்குக் கொடுத்த பணத்துக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கடினம்.

டிஸ்கவரி 3 ஓட்டச் சொகுசு, 3,500 இழுக்கும். ஆனால் அது பழுதாகி நிற்கும் நாட்களுக்கு வாசலில் இன்னொரு காரும் உள்ளவர்கள் வாங்கட்டும்.

கியர்பாக்ஸ் பற்றி ஒன்று. இழுவைக்கு ஆட்டோமேட்டிக் வசதிதான். ஆனால் ஏற்றத்தில் டார்க் கன்வெர்டர் பூட்டு விடுபட்டு வழுக்கும் நேரமெல்லாம் கியர்பாக்ஸ் எண்ணெய் கொதிக்கும். பல பழைய வண்டிகளில் அந்த எண்ணெயைக் குளிர்விப்பது ரேடியேட்டருக்குள் இருக்கும் சிறு குழாய். அது உள்ளே கசிந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போய் ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறத்தில் கலங்கும். கியர்பாக்ஸ் அத்தோடு முடிந்தது. புது ரேடியேட்டரும் தனிக் கூலரும் முதல் மாதச் செலவில் சேர்க்க வேண்டியவை.

பிரேக் விதி எளிது. இழுப்பது 750 கிலோவுக்கு மேல் என்றால் அதற்கே சொந்த பிரேக் வேண்டும். 2,000-க்கு மேல் என்றால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கவும் முடிய வேண்டும், கேரவன் கழன்றால் தானாகப் பிடிக்கவும் வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் சின்னக் குமிழ் அதற்குத்தான். கேரவன் வாலாட்டினால் கார் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, அந்தக் குமிழை அழுத்துவார்கள். கேரவன் பின்னால் இழுபட்டு நேராகும். சிட்னியிலிருந்து மேற்கே போகிறவர்கள் விக்டோரியா பாஸ் இறக்கத்துக்குமுன் அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் புகையும் சத்தமும் உண்மை பேசும். இரண்டு டாலர் கட்டி அரசின் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் பார்த்தால் கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்துக்கட்டிய வரலாறு தெரியும். சர்வீஸ் ரசீதுகளோடு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை, ரசீதில்லாத ஒன்றரை லட்சத்துக்கு மேலாகவே நான் வைப்பேன். கொக்கியைத் தாங்கும் டோ பாரில் அடித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். கார் 2,500 இழுக்கலாம், டோ பார் 1,600 என்று சொன்னால் 1,600-தான்.

பிறகு டார்ச் எடுத்துக் கீழே படுத்துவிட வேண்டியதுதான். ஸ்டாக்டன் கடற்கரையிலும் கேகாரி தீவிலும் உப்பு நீரில் விளையாடிய வண்டிகள் அடியிலிருந்துதான் சாகின்றன. சட்டகத்தில் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் எதை மூடினார் என்று கேளுங்கள். 'பீச் பக்கமே போனதில்லை' என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு, ஜாக்கி வைத்திருக்கும் குழிக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் யாரும் அங்கே மணலைத் தேடுவதில்லை.