ஆண் கொடுவா எங்கே, டீச்சர்?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. மீன், இறால், நண்டு பற்றி நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம். கரும்பலகையில் ‘எக்ஸ் எக்ஸ் – பெண், எக்ஸ் ஒய் – ஆண்’ என்று எழுதி, கட்டம் போட்டு, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று விளக்கினேன். பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்லக் கூடாது என்பதையும் வழக்கம்போல் அழுத்திச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.

“டீச்சர், எங்கப்பா புடிச்சாற பெரிய கொடுவாவுல எல்லாம் சினைதான் இருக்கு. ஆறு கிலோ, ஏழு கிலோ மீன்ல ஆம்பள மீனே நான் பாத்ததில்ல. ஆண் கொடுவாலாம் எங்க போவுது?”

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த ‘நாளை’ வர ஒரு வாரம் ஆயிற்று.

ஆண் கொடுவா எங்கேயும் போகவில்லை. அதுதான் பெண்ணாக மாறிவிடுகிறது. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்கிறது; சில ஆண்டுகள் ஆணாக இனப்பெருக்கம் செய்கிறது; பிறகு வளர்ந்து பெருக்கும்போது விந்தகம் கரைந்து அந்த இடத்தில் அண்டகம் உருவாகிறது. அதனால்தான் சிறிய மீன்களில் ஆண்களும் பெரிய மீன்களில் பெண்களுமாக இருக்கின்றன. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1997-இல், இந்தியாவிலேயே முதன்முறையாக, கொடுவாவைப் பண்ணையில் முட்டையிட வைத்தது. அங்கே தாய்மீன் தொட்டியை நிரப்புபவர்களுக்கு இது பாலபாடம். ஒரே அளவுள்ள பெரிய மீன்களாகப் பிடித்து விட்டால் குஞ்சு கிடைக்காது.

பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் கரும்பலகை வரிதான் ஆட்டம் கண்டது. ஆணாக இருந்தபோதும் பெண்ணான பிறகும் அந்த மீனின் குரோமோசோம்கள் அதேதான். அப்படியானால் ஆண் உடலையும் பெண் உடலையும் கட்டுவது எது? மீன் வேறு, மனிதர் வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நகர முடியாததற்குக் காரணம் ஒன்று இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பாடநூல் வரி தவறில்லை. ஆனால் அது ஒரு நீண்ட கதையின் முதல் வரி. ஒய் குரோமோசோம் இருப்பதற்கும் ஆண் உடல் உருவாவதற்கும் இடையே பல புரதங்கள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். இந்தக் கதை பெரும்பாலும் சுண்டெலிகளைக் கொண்டுதான் தெரிய வந்தது. கருவுற்று 6, 7 வாரமான மனிதக் கருவை நாள்தோறும் திறந்து பார்க்க முடியாது. சுண்டெலிக்கு மொத்தக் கர்ப்பகாலமே சுமார் 20 நாள்தான்.

‘புரதம் வெளிப்படுதல்’ என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் பகுதியில் அதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் சிலவற்றில் ‘பாடு’ என்ற முறை உண்டு. ஏரி எல்லோருக்கும் பொது. படகும் வலையும் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடலாம் என்பதற்கு ஊர் ஒரு முறை வைத்திருக்கிறது. நம் உடலின் செல்களும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. எந்தச் செல்லில், எந்த நாளில், எந்த மரபணு தன் புரதத்தைச் செய்கிறது என்பதில்தான் விரலும் விழியும் வேறுபடுகின்றன. (ஒப்புமை ஓரிடத்தில் உடையும்: செல்லுக்குள் முறை வைக்க ஊர்க்கூட்டம் இல்லை. ஒரு புரதமே அடுத்ததைக் கூப்பிட்டு விடுகிறது.)

அதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஆய்வகங்களில் ஓர் எளிய உத்தி இருக்கிறது. கருவின் திசுவை மெழுகில் புதைத்து, 5 மைக்ரோமீட்டர் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 200-இல் ஒரு பங்காகச் சீவுகிறார்கள். தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றி, ஒட்டிய இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் வருமாறு செய்கிறார்கள். பத்தாம் நாள் கரு, பதினோராம் நாள் கரு என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தப் புரதம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரிந்துவிடும்.

சுண்டெலிக் கருவில் 10 நாள் வரை ஆண், பெண் வேறுபாடு உறுப்பில் தெரிவதில்லை. விந்தகமாகவும் அண்டகமாகவும் ஆகக்கூடிய ஒரு சிறு மேடுதான் இருக்கிறது. அதையடுத்து எல்லாக் கருவிலும் இரண்டு சோடி நாளங்கள் உருவாகின்றன. வோல்ஃபியன் நாளம் நிலைத்தால் எபிடிடிமிஸ், விந்துநாளம், விந்துப்பை ஆகும். முல்லேரியன் நாளம் நிலைத்தால் கருப்பையும் அண்டநாளமும் ஆகும். ஆக, நாம் ஒவ்வொருவரும் சில காலம் இரண்டையும் சுமந்திருக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னபோது, இருபது ஆண்டு அனுபவமுள்ள உயிரியல் ஆசிரியர்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு சுண்டெலியில் ஏறத்தாழ 10.5-ஆம் நாள் விழித்து, 11.5-ஆம் நாள் உச்சத்தைத் தொட்டு, 12.5-ஆம் நாள் அடங்கிவிடுகிறது. வேலை செய்வது இரண்டே நாள். சில மணி நேரம் தாமதமானால்கூட விந்தகம் சரியாக உருவாவதில்லை. பாட்டில் தன் முறையைத் தவறவிட்ட படகு போல. இந்த மரபணுவை 1990-இல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே அதை எக்ஸ் எக்ஸ் சுண்டெலிக் கருவில் செலுத்திப் பார்த்தார்கள். ஒய் குரோமோசோமே இல்லாத அந்தக் கரு ஆணாகப் பிறந்தது. விந்தணு மட்டும் உண்டாகவில்லை.

எஸ்.ஆர்.ஒய். தன் இரண்டு நாளில் செய்யும் முதன்மையான வேலை, சாக்ஸ்9 என்ற இன்னொரு புரதத்தை எழுப்பிவிடுவது. சாக்ஸ்9 மரபணு ஒய் குரோமோசோமில் இல்லை. ஆண், பெண் இருவரிடமும் இருப்பது. அது எழுந்ததும் மேட்டில் உள்ள செல்கள் செர்டோலி செல்களாகின்றன. ஜப்பானின் அமாமி தீவில் வாழும் முள்ளெலியில் ஒய் குரோமோசோமும் இல்லை, எஸ்.ஆர்.ஒய்.யும் இல்லை. ஆண் எலி மட்டும் இருக்கிறது! அங்கே சாக்ஸ்9-க்கு அருகில் இரட்டித்திருக்கும் ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த வேலையைச் செய்வதாக 2022-இல் தெரிய வந்தது.

விந்தகம் உருவானதும் அங்கிருந்து இரண்டு செய்திகள் கிளம்புகின்றன. இதை முதலில் கண்டுகொண்டவர் பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்ஃபிரட் ஜோஸ்ட். 1940-களில், தாய் முயலின் வயிற்றுக்குள் இருந்த குட்டிக் கருக்களின் விந்தகத்தை அறுவை செய்து அகற்றிவிட்டு, கருவை மீண்டும் வளரவிட்டார். ஆண் கருக்களிலும் கருப்பை வளர்ந்தது, விந்துநாளம் மறைந்தது. விந்தகத்துக்குப் பதிலாக டெஸ்டோஸ்டீரோன் வைத்துப் பார்த்தார். விந்துநாளம் நிலைத்தது, ஆனால் கருப்பையும் கூடவே நின்றது. அப்படியென்றால் கருப்பையை மறையச் செய்யும் இன்னொரு பொருளும் விந்தகத்திலிருந்து வர வேண்டும் என்று 1947-இலேயே எழுதினார். செர்டோலி செல்கள் சுரக்கும் அந்தப் புரதத்தின் மரபணு 1986-இல் கைக்குக் கிடைத்தது. முல்லேரியன் தடுப்பு ஹார்மோன் என்பது அதன் பெயர். இந்த மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளுக்கு விந்தகமும் இருக்கிறது, கருப்பையும் இருக்கிறது.

இரண்டாவது செய்தி, லீடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோன். இது புரதமன்று. ஆனால் இதைக் கேட்கும் காது ஒரு புரதம்: ஆண்ட்ரோஜன் ஏற்பி. வோல்ஃபியன் நாளத்தைச் சுற்றிய செல்களில் இந்த ஏற்பி இருந்தால்தான் ஹார்மோன் சொல்வது கேட்கும்; நாளம் நிலைத்து, சுருண்டு சுருண்டு எபிடிடிமிஸ் ஆகும். (மனிதரில் அந்தச் சுருளை நீட்டினால் சுமார் 6 மீட்டர். ஒரு கயிற்றைச் சுருட்டிக் காட்டுங்கள், மறக்க மாட்டார்கள்.) இந்த ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் உடலைக் கட்டும் முக்கியமான புரதம் ஒன்றைப் பையனுக்குத் தருவது தாய்!

1970-இல் பிரிட்டனில் மேரி லயனும் சூசன் ஹாக்ஸும் ஒரு சுண்டெலி வகையை விவரித்தார்கள். குரோமோசோம் எக்ஸ் ஒய். உள்ளே சிறிய விந்தகம். வெளியே பார்த்தால் பெண். ஏற்பி வேலை செய்யாததுதான் காரணம். செய்தி போய்க்கொண்டே இருக்கிறது, கேட்பாரில்லை.

முன்பு சொல்லாமல் விட்ட காரணம் இங்கேதான் வருகிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண் பதினாறு வயதாகியும் பூப்பெய்தவில்லை. ஊரில் பேச்சு ஆனது. சென்னையில் மருத்துவரிடம் காட்டினார்கள். ஒருநாள் அவளுடைய அம்மா பள்ளி விடும் நேரத்தில் வந்து, மரத்தடியில் நின்றபடியே கேட்டார்: “டீச்சர், டெஸ்ட்ல எக்ஸ் ஒய்னு வந்திருக்காம். ஒய் இருந்தா ஆம்பளன்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே. அப்ப எம் பொண்ணு பொண்ணு இல்லியா?”

அந்த வரியைத் தேர்வில் எழுதி என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். அன்று எனக்கு இந்தச் சுண்டெலி தெரியாது. ஏற்பி தெரியாது. டாக்டர் சொல்றதக் கேளுங்கம்மா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. அவளுக்கு இருந்தது இந்த ஏற்பிக் குறைபாடுதானா என்று நான் சொல்ல முடியாது. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் எக்ஸ் ஒய் குரோமோசோமோடு பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்வது இயற்கையில் உள்ளதுதான் அம்மா, அவள் எதுவும் தப்பாக இல்லை என்று அன்று சொல்லியிருக்க முடியும்.

2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டபோது, நம் ஆசிரியர் அறைகளில் பேசப்பட்டதை நினைத்துப் பாருங்கள். நானும் பேசினேன். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவர்களால் சம்மதம் சொல்ல முடியாத வயதில் உறுப்பை ‘இயல்பாக்கும்’ அறுவை செய்யக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அதைத் தடை செய்து தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. அப்படி ஒரு குழந்தை நம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கக் கூடும். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். ஜோஸ்டின் முயல்களை வைத்து, பெண் உடல் என்பது ஒன்றும் செய்யாவிட்டால் தானாக வருவது என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும். 2017-இல் அமெரிக்காவில் ஹம்ஃப்ரி யாவ் குழு, பெண் சுண்டெலிக் கருவில் வோல்ஃபியன் நாளத்தை அகற்ற ஒரு புரதம் முனைந்து வேலை செய்வதைக் காட்டியது. அதை நீக்கினால், பெண் கருவிலும் அந்த நாளம் நின்றுவிடுகிறது. பெண்ணும் கட்டப்படுகிறாள்.

இந்த வேலை பிறப்போடு முடிவதுமில்லை. வளர்ந்த பெண் சுண்டெலியின் அண்டகத்தில் ஃபாக்ஸ்எல்2 என்ற புரதத்தை நிறுத்தினால், அங்குள்ள செல்கள் விந்தகச் செல்களைப் போல மாறத் தொடங்குகின்றன, 2009-இல் கண்டது. 2011-இல் இதற்கு நேர் எதிரானது தெரிந்தது: விந்தகத்தில் டிஎம்ஆர்டி1 என்ற புரதம் இல்லாமற்போனால் செர்டோலி செல்கள் அண்டகச் செல்களின் பக்கம் சாய்கின்றன. விந்தகம் விந்தகமாக இருப்பதற்கே நாள்தோறும் ஒரு புரதம் காவல் இருக்க வேண்டியிருக்கிறது. சுண்டெலியில் ஆய்வாளர் கை வைத்தால் நடப்பதை, கொடுவா தன் வாழ்நாளில் தானே செய்துகொள்கிறது. அதே டிஎம்ஆர்டி1 மீனின் விந்தகத்திலும் இருக்கிறது. முல்லேரியன் தடுப்பு ஹார்மோனும் இருக்கிறது. தடுப்பதற்கு அந்த நாளம்தான் கொடுவாவிடம் கிடையாது.

இப்போது கரும்பலகையில் அந்த வரியை எழுதும்போது முன்னால் ‘பெரும்பாலும்’ என்று சேர்த்துக்கொள்கிறேன். ஒய்க்கும் ‘ஆண்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, எஸ்.ஆர்.ஒய்., சாக்ஸ்9, தடுப்பு ஹார்மோன், ஏற்பி என்று நான்கு கட்டங்கள் போடுகிறேன். ஒவ்வொன்றாக அழித்து, இது இல்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்கிறேன். தேர்வுக்குப் பாடநூல் விடை போதும் என்று சொல்லிவிடுவதால் யாரும் குழம்பியதில்லை. இதற்கு ஒரு பாடவேளை கூடுதலாகப் பிடிக்கும். பாடத்தை முடிக்க ஓடும் மாதங்களில் செய்ய வேண்டாம்.

கொடுவாப் பையன் இந்த முறையும் விடவில்லை. “அப்ப இறாலுக்கு எப்பிடி டீச்சர்?” நல்லவேளையாக இதற்குக் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். ஆண் இறாலின் கடைசி சோடி நடைக்கால்களின் அடியில், விந்து வெளிவரும் குழாயை ஒட்டி, மிகச் சிறிய சுரப்பி ஒன்று இருக்கிறது. நன்னீர் இறால் குஞ்சிலேயே அதை எடுத்துவிட்டால் ஆண் பெண்ணாக வளர்கிறது. கால் எது, அடி எது என்று சரியாகக் காட்ட வேண்டுமே. வெள்ளிக்கிழமை ஐஸ் பெட்டியில் நாலு பெரிய இறால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கைலென்சு என் பொறுப்பு.