கையெழுத்தை அறிந்த கையெழுத்து

கிண்ணியாவிலிருந்து வந்த அந்தத் தங்கச்சி, தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, விவாகச் சான்றிதழை மேசையில் விரித்தார். கணவர் கத்தாரில் வேலை. குடும்ப விசாவுக்கு அதை "அற்றஸ்ட்" பண்ணி அனுப்பச் சொல்லியிருக்கிறார். தரகர் ஒருவர் கேட்ட தொகையோ ஒரு மாதச் செலவுக்குக் கிட்ட வருகிறது. தங்கச்சி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணன், இது கவர்மெண்ட் தந்த பேப்பர்தானே? இதுல என்ன பிழை இருக்கெண்டு இன்னும் நாலு எடத்துல சீல் குத்தச் சொல்றாங்க?"

கேள்வி நியாயமானது. இந்தத் திருகோணமலை மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் ஊர்கள் பல. அங்கெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் தரகர் பிழைக்கிறார். ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

அந்தத் தாளில் ஒரு பிழையும் இல்லை. அடியில் மேலதிக மாவட்டப் பதிவாளரின் கையெழுத்து நீல மையில் இருக்கிறது. அதன்மேல் பாதி ஏறினாற்போல் அலுவலக முத்திரை. பக்கத்தில் பெயரும் பதவியும் பொறித்த இன்னொரு சிறிய முத்திரை. கிண்ணியாவில் யாரிடம் காட்டினாலும் இது செல்லும். ஆனால் தோஹாவில் விசாக் கருமபீடத்தில் இருப்பவர் கிண்ணியாப் பதிவாளரின் கையெழுத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அந்த முத்திரை அசலா, யாரோ கடையில் வெட்டுவித்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த ஒரு கையெழுத்து அந்தத் தாளில் வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

கிண்ணியாக் கையெழுத்தை அறிந்தவர் யார்? கொழும்பிலுள்ள வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. நாடு முழுவதும் உள்ள அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர்களின் மாதிரிக் கையெழுத்துகள் அங்கே இருக்கின்றன. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, "இது அந்த அதிகாரியின் கையெழுத்துத்தான்" என்று தங்கள் முத்திரையை வைக்கிறார்கள். அமைச்சின் கையெழுத்தை அறிந்தது கொழும்பிலுள்ள கத்தார்த் தூதரகம். அது தன் முத்திரையை வைக்கும். தூதரகத்தின் முத்திரையை அறிந்தது தோஹாவிலுள்ள அவர்களுடைய வெளிவிவகார அமைச்சு. அங்கும் ஒரு முத்திரை. அதைத்தான் விசாக் கருமபீடம் அறியும். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் கையெழுத்திட்டவரை மட்டும் அறிவார். அதற்கு முந்தியவரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்த முத்திரைகளில் ஒன்றுகூடத் தாளில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. கையெழுத்து இன்னாருடையது, இன்ன பதவியில் இருந்து இட்டார் என்பதோடு சரி. பெயர் தவறாக இருந்தால், அந்தத் தவறின் மீதே எல்லா முத்திரைகளும் ஒழுங்காக விழுந்துவிடும். பிறகு திருத்த வேண்டுமானால் முதல் மேசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எனவே பணம் கட்டுமுன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, தாளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் திகதியையும் கடவுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வேறு எந்தச் செலவும் இந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஈடாகாது.

முக்கியமாக மொழிபெயர்ப்பில். நம் சான்றிதழ்கள் தமிழில் இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போகும்போது சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, தன் முத்திரையோடு தர வேண்டும். முகம்மது என்ற பெயர் ஒருவர் கடவுச்சீட்டில் 'ஓ'வோடு இருக்கும், மொழிபெயர்ப்பில் 'யூ'வோடு வரும். ஓர் இடத்தில் ஒரு 'எம்', இன்னோர் இடத்தில் இரண்டு. நமக்கு அது ஒரே ஆள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு பேர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை: பள்ளிக்கூடத்தில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் வேறொரு வரிசை. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியைக் கையில் கொடுத்து, "இதில் உள்ளபடியே எழுதுங்கள்" என்று கேளுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களே அதைக் கேட்டு வாங்குவார்கள்.

அமைச்சின் கட்டத்துக்காக இங்கிருந்து கொழும்புக்குப் போவதென்றால் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறி விடியப்புறம் இறங்கி, முகம் கழுவ இடமில்லாமல் வரிசையில் நின்ற பெண்களை நான் அறிவேன். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தவர்களுக்கு அந்தப் பயணம் பஸ்ஸில் தொடங்கவுமில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நகரத்துக்கு வரவே மிதவைப் பாதையில் ஏறித் தண்ணீரைக் கடக்க வேண்டியிருந்தது. இப்போது கொன்சியூலர் பிரிவுக்குத் திருகோணமலையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. யாழ்ப்பாணம், கண்டி, குருநாகல், மாத்தறை ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. அமைச்சு செய்யும் பங்கை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் இன்னும் கொழும்புக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தும் சொல்லாமல் "போய்வரும் செலவு" வாங்கும் தரகர்களும் இருக்கிறார்கள். தூதரகக் கட்டம் மட்டும் கொழும்பில்தான். அதற்குத் தபால், முகவர், உறவினர் என்று எந்த வழி செல்லும் என்பதை அந்தத் தூதரகத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தாளும் ஒரே வாசலால் உள்ளே போவதில்லை. பிறப்பு, இறப்பு, விவாகம் என்றால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழி. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் என்றால் பரீட்சைத் திணைக்களம் தந்த சான்றிதழ்தான் வேண்டும், அதிபர் ஒப்பமிட்ட பிரதி போதாது. முதற் கையெழுத்து சரியான ஆளிடமிருந்து வராவிட்டால் அடுத்த மேசை கையைத் தட்டிவிடும். தாளைக் கண்ணாடிப் பிளாஸ்ரிக் போட்டு ஒட்டி வைத்திருப்பவர்கள் வேறு சான்றுப்படுத்தப்பட்ட பிரதி எடுக்க வேண்டிவரும். பிளாஸ்ரிக்கின் மேல் முத்திரை நிற்காது.

இனி அப்போஸ்தில் பற்றி. இந்தச் சொல்லைச் சொல்லித்தான் பலரும் பயமுறுத்துகிறார்கள். நான் மேலே சொன்ன நீண்ட சங்கிலி உலகம் முழுவதற்கும் தலையிடியாக இருந்ததால், 1961 ஒக்டோபர் 5இல் ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அதில் சேர்ந்த நாடுகள் ஒன்றுக்கொன்று ஒரு வாக்குக் கொடுத்திருக்கின்றன: உன் நாட்டின் நியமித்த அதிகாரி ஒரே ஒரு சான்றை ஒட்டிவிட்டால் போதும், என் தூதரகத்துக்கு வர வேண்டாம். அந்தச் சான்றுதான் அப்போஸ்தில். பக்கத்துக்குக் குறைந்தது 9 சென்ரிமீற்றர் உள்ள சதுரம், பத்து இலக்கமிட்ட வரிகள். எந்த நாடு, யார் கையெழுத்து, என்ன பதவி, யாருடைய முத்திரை, எங்கே, எப்போது, யார் சான்றளித்தது, என்ன இலக்கம், பிறகு முத்திரை, கையெழுத்து. உலகம் முழுவதும் இதே பத்து.

இரண்டு நாடுகளும் உறுப்பினராக இருந்தால்தான் இது செல்லும். இந்தியா 2005 முதல் உள்ளே இருக்கிறது. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும், வங்காளதேசம் 2025 மார்ச்சிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஓமானும் பஹ்ரெய்னும் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டன. கத்தார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை பழைய சங்கிலி வழியையே கேட்டுவந்திருக்கின்றன. இலங்கை 2001 முதல் ஹேக் மாநாட்டு அமைப்பில் அங்கத்தவர். ஆனால் இந்த ஓர் உடன்படிக்கைக்கு வெளியிலேயே நீண்டகாலம் நின்றுவந்திருக்கிறது. இத்தனை இலட்சம் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தில் மூச்சு விடும் நாடு இதில் பின்தங்கியது எனக்குப் பெரிய மனக்குறை. அதன் செலவைச் சுமந்தது மூதூரிலும் குச்சவெளியிலும் இருக்கிற குடும்பங்கள். உறுப்பு நாடுகளின் பட்டியல் ஹேக் மாநாட்டின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். "அப்போஸ்தில் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், முதலில் இரண்டு நாடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கும் இதே முடிச்சு வேறு பக்கமாக விழுகிறது. பிள்ளை அங்கே பிறந்திருக்கும், பிறப்புச் சான்றிதழ் இந்திய நகராட்சி தந்ததாக இருக்கும். அதற்கு இந்தியா ஒட்டும் அப்போஸ்தில், உடன்படிக்கையில் இல்லாத நாட்டை ஒன்றும் கட்டுப்படுத்தாது. பிள்ளையின் பிரஜாவுரிமையை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் அதைச் செய்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம்.

இவ்வளவும் முதல் தாள் கையில் இருப்பவர்களுக்கான கதை. எங்கள் மாவட்டத்தில் முதல் தாளே பலரிடம் இல்லை. 1990இல் போருக்குப் பயந்து ஓடியவர்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது பெட்டியோடு இழந்தவர்கள், 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் உடுத்த உடையோடு வெளியேறியவர்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது: உங்களிடம் இருந்தது பிரதிதான், பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பதிவு இலக்கம் நினைவில்லாவிட்டால் பிறந்த இடமும் ஏறக்குறையான திகதியும் கொண்டு தேடலாம். பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கும், உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் வழி உண்டு. ஆனால் உத்தேச வயதுச் சான்றிதழைப் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஏற்பார்களா என்று வெளிநாட்டு அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இதைவிடக் கடினமானது, கணவர் காணாமற்போன பெண்ணின் நிலை. பிள்ளையை வெளிநாட்டிலுள்ள மாமனிடம் அனுப்பத் தகப்பனின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், அல்லது அவருடைய இறப்புச் சான்றிதழ். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. எத்தனையோ பெண்கள் அதை வாங்க மறுத்தார்கள். அவர் இறந்தார் என்று அவர்கள் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டியிருந்தது, அவர்களால் முடியவில்லை. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். இங்கே அதைக் காட்டிக் காரியம் பார்க்கலாம். ஆனால் வெளிநாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர் அப்படியொரு தாளைக் கண்டிருக்கவே மாட்டார். முத்திரைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் "இது என்ன?" என்று கேட்பார். அப்படிப்பட்ட விண்ணப்பத்தோடு, அந்தச் சட்டத்தையும் அது என்ன சொல்கிறது என்பதையும் விளக்கும் சட்டத்தரணியின் கடிதம் ஒன்றை மொழிபெயர்ப்போடு இணைத்து அனுப்புங்கள். அந்தப் பெண் தன் மனச்சாட்சியை விற்று இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

கப்பலில் ஏறும் பிள்ளைகள் இந்த வரிசையில் நிற்க அவசரப்பட வேண்டாம். கடலோடிகளின் தகைமைச் சான்றுகளுக்கு 1978ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை ஒன்று தனியாக இருக்கிறது. நாடுகளின் கடல்சார் நிர்வாகங்கள் ஒன்றோடொன்று நேரே சரிபார்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. எது வேண்டும் என்பதைக் கம்பனியே சொல்லும்.

கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் விண்ணப்பிக்கும் பலருக்கு இந்தச் சங்கிலியே தேவைப்படாது. சான்றிதழின் பிரதியும் தகுந்த மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் போதும். தாளைக் கேட்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஆவணம், அசலா பிரதியா, எந்த மொழியில், யார் முத்திரை வேண்டும், எவ்வளவு காலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியை மறக்கவே வேண்டாம். பொலிஸ் நற்சான்றிதழை மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்கும் நாடுகள் உண்டு. அதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றத் தாள்களுக்குப் பின்னால் அலைந்தால், எல்லாம் கூடிவரும் நாளில் அது காலாவதியாகியிருக்கும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை முதலில் முடியுங்கள், பொலிஸ் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள்.