பிரித்தால் பிழைக்கும் நாற்காலி

போகிக்கு முந்தைய நாட்களில் தெருமுனைக் குப்பைத்தொட்டிகளின் ஓரம் தேக்கு நாற்காலிகள் வந்து விழுகின்றன. கால் ஆடும், பிரம்பு தொய்ந்திருக்கும், பாலிஷ் கறுத்துப் பிசுபிசுக்கும். வீசியவருக்கு இவை ஆயுள் முடிந்ததன் அடையாளங்கள். செய்த ஆசாரிக்கோ இவை எதிர்பார்த்த தேய்மானங்கள்தாம். ஆடுவதைப் பிரிக்கவும், தொய்ந்ததை மாற்றவும், கறுத்ததைக் கரைத்தெடுக்கவும் வழி வைத்தே அவர் அதைச் செய்திருக்கிறார். பழைய மரச்சாமானை வீட்டிலேயே சீர்செய்யலாம் என்று நான் துணிந்து சொல்வது இந்த அமைப்பை நம்பித்தான்.

சட்டத்தின் கழுந்தைக் காலிலுள்ள துளைக்குள் இறக்கி வச்சிரத்தால் ஒட்டுவது பழைய முறை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை, சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துப் பொறுமையாக அசைத்தால், பெரும்பாலும் கழுந்து உடையாமல் மூட்டு கழன்று வரும். பழைய பசையை முழுக்கச் சுரண்டிக் கழுவ வேண்டும், மிச்சமிருந்தால் புதியது பிடிக்காது. பிறகு ஒட்டி, கயிறு கட்டி, குச்சி செருகி முறுக்கி ஒரு நாள் விட்டால் போதும். கால் ஆடினால் உடனே ஆணி அடிப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்ல நாற்காலிகள் பல அந்த ஆணியால்தான் சாகின்றன. அது கழுந்தைப் பிளக்கிறது, துருவேறுகிறது, மறுபடி பிரிக்கவும் விடுவதில்லை. பாலிஷும் அவிழக் கூடியதே. பழைய பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தடவியது; பல்லாண்டு கழித்தும் ஸ்பிரிட் பட்டால் இளகும். மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பழுப்பு நிறம் பஞ்சில் இறங்கினால் உப்புத்தாளைக் கையில் எடுக்கவே வேண்டாம், இளகும் பூச்சையே பரப்பிச் சமன்செய்து மேலே ஒரு பூச்சு கொடுக்கலாம். கிழியாமல் தொய்ந்த பிரம்பையும் அடிப்பக்கம் நன்றாக நனைத்துக் காயவிட்டால் இறுகும்.

கரையானையும் வண்டையும் வீட்டுக்குள் அழைத்து வருகிறோமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் வைரம் பாய்ந்த தேக்கில் இயல்பாகவே உள்ள சேர்மங்கள் கரையானை எளிதில் அண்டவிடுவதில்லை. மரத்தை மாவாக்கும் வண்டு தேடுவது மாவுச்சத்துள்ள வெளிப்புற வெள்ளைக்கட்டையை. சாமானுக்கடியில் கறுப்புத் துணி விரித்துச் சில வாரங்கள் வெளியிலேயே வையுங்கள். புதிதாக மாவு கொட்டினால், மருந்தடிக்காமல் உள்ளே கொண்டுவரக் கூடாது. இதைவிட நான் அஞ்சுவது பழைய பெயின்ட்டை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பெயின்ட் அடித்த சாமானை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கக் கூடியது. எப்போது அடித்தது என்று தெரியாத பெயின்ட்டை ஈயம் கலந்ததாகவே கருத வேண்டும். உரிந்திருந்தால் அதை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது. போகியில் கொளுத்தினால் அதே ஈயம் புகையில் கலந்து தெரு முழுக்கப் பரவும்.

செலவைச் சொல்லி மறுப்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விலையோடு ஒப்பிட்டால் சீர்செய்வது நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது இன்றைக்குப் புதிய தேக்கில் செய்து வாங்கும் நாற்காலியோடு. எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவும் இல்லை. மரச்சீவலைப் பசையால் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு நீர் பட்டு ஒருமுறை உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. திருகாணித் துளை பிய்ந்தால் அங்கே மறுபடி பிடிமானம் கிடைப்பது அரிது. அதைப் பிரித்துச் சேர்க்க நினைத்துச் செய்யவே இல்லை.

நாமே செய்துகொண்டால் தொழிலாளியின் பிழைப்பு போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது இந்தியாவில் பார்வையற்றோர் பலர் செய்துவரும் தொழில். குப்பைக்குப் போகும் நாற்காலியால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஒட்டுவதையும் பாலிஷையும் வீட்டில் முடித்து, கிழிந்த இருக்கையை அவர்களிடம் கொடுக்கலாம். குறுக்கே முறிந்த காலை ஆசாரியிடம்.