மலையோரப் பாட்டும் மகளிர் நிலையும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இவர்தம் இல்லங்களில் வானொலி வந்த நாள்தொட்டுத் திரைப்பாடலும் குடிபுகுந்துவிட்டது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர் என்பது இவ்வட்டாரத்திற்குரிய பெருமை.

திரைப்பாடல் காட்டும் காதலுக்கென ஓர் இலக்கணம் உண்டு. ஆண் தேடி வருவான். பெண் நாணித் தலைகுனிவாள். அவன் புகழ்வான், அவள் காத்திருப்பாள். அவளுக்குத் தொழில் இல்லை; கூலி இல்லை; களைப்பும் இல்லை. தேயிலைத் தோட்டமும் இருவர் ஆடிப் பாடுவதற்குரிய பச்சைத் திரையாகவே பெரிதும் அமைகிறது.

தோட்டத்தின் உண்மை நிலை வேறு. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் பணியில் இருந்தால்தான் அது நிலைக்கும். ஆகவே, பல குடும்பங்களில் பெண்ணின் உழைப்பே கூரையைத் தாங்குகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகத்திற்கு வழிசெய்தது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் கூலி வேறுபாட்டைத் தடுத்தது. எனினும், மேற்பார்வைப் பொறுப்புகளும் சங்கத் தலைமையும் நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தன.

2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர் இதற்கு விடை கூறினர். 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, ஒன்பது நாள் போராடி, 20 விழுக்காடு போனஸ் பெற்றனர். அப்போது அவர்களது நாட்கூலி 232 ரூபாய். நாணிக் காத்திருக்கும் பெண்ணை அங்கு எவரும் காணவில்லை.

பெண்கள் தாமே கட்டிய பாட்டிலும் வேறு குரல் உண்டு. தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி ஆகியவை உழைப்பையும் இழப்பையும் மனக்குறையையும் ஒளிவின்றிப் பேசுவன. அட்டப்பாடியின் இருளர் குலத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, தம் மொழியில் தாமே இயற்றிப் பாடிய பாடலுக்காக, 2020ஆம் ஆண்டிற்குரிய சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருதை 2022இல் பெற்றார். அது காதலனுக்காக ஏங்கும் பாட்டன்று. மலையில் பூத்து நிற்கும் மரங்களைப் பற்றியது.

பாட்டு ஒன்றே சமுதாயத்தை உருவாக்குவதில்லை. காதற்பாட்டைப் பழிப்பதும் முறையன்று. ஆயினும், நாணமே பெண்ணின் அணி என்று கேட்டு வளரும் சிறுமி, கூலியிலும் திருமணத்திலும் தன் உரிமையைக் கேட்கத் தயங்கினால் இழப்பு அவளுக்கு மட்டுமன்று, நாட்டிற்கும் உரியது. பள்ளிகளும் வானொலி நிலையங்களும் இம்மலைப் பெண்களின் பாடல்களைப் பதிவுசெய்து பரப்புமாயின், அச்சிறுமி தன் தாயின் குரலையும் கேட்பாள்.