கீமோவோட ‘கூட்டணி’ சேர்ந்த மருந்து!

கீமோதெரபின்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது, சினிமா ஹீரோயினோட மொட்டைத் தலைதான். முடி ஏன் கொட்டுது தெரியுமா? வேகமாகப் பெருகும் செல்களைப் போட்டுத்தள்ளுவதுதான் கீமோ மருந்தின் வேலை. அதுக்கு நல்லவன், கெட்டவன் வித்தியாசம் தெரியாது. புற்றுநோய் செல்லோடு சேர்த்து முடியின் வேர், குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை எல்லாத்துக்கும் அடி விழும்.

‘குற்றவாளியை அடையாளம் பார்த்துப் பிடிக்கிற மருந்து கிடைக்காதா?’ இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் ட்ராஸ்டுஸுமாப். வாயில நுழையலையா? ‘ஹெர்செப்டின்’னு அதோட பிராண்ட் பெயரையே சொல்லுங்க!

யார் இந்த ஹெர்-2?

செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். ‘வளரு... வளரு’ன்னு செல்லுக்குள் சிக்னல் அனுப்பும் ஆன்டெனா மாதிரி. சில மார்பகப் புற்றுநோய்களில் இதற்கான ஜீன் பல பிரதிகளாகி, ஆன்டெனாக்கள் எக்கச்சக்கமாக முளைத்துவிடும். அப்புறமென்ன... நோய்க்கு நாலு கால் பாய்ச்சல்தான். 1987-ல் இதை முதலில் எடுத்துச் சொன்னது, அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக டாக்டர் டென்னிஸ் ஸ்லாமனின் குழு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இந்த வகை.

ஹெர்செப்டின் ஒரு ஆன்டிபாடி. நேராகப் போய் ஹெர்-2 மேல ஒட்டிக்கொண்டு சிக்னலைக் குறைக்கும். ‘ஆள் இங்கதான் இருக்கான்’னு நோய் எதிர்ப்புப் படைக்கும் தகவல் கொடுக்கும்!

ரிசல்ட் என்னாச்சு?

நோய் மற்ற பாகங்களுக்கும் பரவிவிட்ட 469 பெண்களிடம் நடந்த ஆய்வு இது. முடிவு வெளியானது 2001-ல். கீமோ மட்டும் எடுத்தவர்களில் 32 சதவிகிதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. கூட்டணி சிகிச்சையில் 50 சதவிகிதம்! கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 20.3 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கூட்டணியில் அது 25.1 மாதம்.

‘அஞ்சு மாசம்தானா?’ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. அது ஒரு அம்மா, தன் மகளோட பட்டமளிப்பு விழாவைப் பார்க்கப் போதுமான காலம். தவிர, கதை அங்கேயே நிற்கவில்லை. பெர்டுஸுமாப் என்ற இன்னொரு ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, 40.8 மாதமாக இருந்த கணக்கு 56.5 மாதமானது!

இதயம் பத்திரம்!

சைடு எஃபெக்ட்டே இல்லையா? இருக்கு. இதயத் தசைக்கும் ஹெர்-2 சிக்னல் தேவை. அந்த ஆய்வில், ஆந்த்ராசைக்ளின் வகை கீமோவோடு ஹெர்செப்டினைச் சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவிகிதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்தது. அந்த கீமோ மட்டும் என்றால் 8 சதவிகிதம்தான். அதனால்தான் பொதுவாக இப்போது அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுப்பதில்லை. சிகிச்சைக்கு முன்பும், நடுநடுவேயும் ‘எக்கோ’ எடுத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த தலைவலி, விலை. இங்கே பெங்களூரு பயோகான் கைகொடுத்தது. இதே மருந்தின் ‘பயோசிமிலர்’ வடிவத்தை, குறைந்த விலையில் 2014-ல் இந்தியாவில் இறக்கியது. 2017-ல் அமெரிக்காவும் அதற்கு ஓகே சொன்னது. பயோடெக் பசங்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்!

ஒரே ஒரு விஷயம். ஹெர்-2 அதிகமில்லாத நோய்க்கு இந்த மருந்து பிரயோஜனமில்லை. அதனால நம்ம வீட்டு அம்மா, அத்தை, பெரியம்மா யாருக்காவது மார்பகப் புற்றுநோய்னு ரிப்போர்ட் வந்தா, அழுது முடிச்சதும் டாக்டர்கிட்ட கேட்கவேண்டிய முதல் கேள்வி... ‘ஹெர்-2 டெஸ்ட் பண்ணியாச்சா டாக்டர்?’