எஃகுக் கட்டடமும் விசை செல்லும் வழியும்

எஃகு வலிமை மிக்கது என்பதை யாவரும் அறிவர். ஆனால், வலிமை மிக்க பொருளால் ஆக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு கட்டடம் வலிமை உடையதாகிவிடுமோ? ஆகாது என்பதே பொறியியலார் கூறும் விடை. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

கேமரன் மலையின் வடபகுதியில் உள்ளது கம்போங் ராஜா. தேயிலைத் தோட்டங்களை அடுத்துக் காய்கறித் தோட்டங்களும் நிறைந்த பகுதி அது. அங்கே சரிவுகளில் எஃகுக் குழாய்களை நட்டு, மேலே பிளாஸ்டிக் விரித்த மழைக்காப்புக் கொட்டகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எஃகுக் கட்டட இயலின் முதற்பாடத்தை இந்த எளிய கொட்டகையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

முதலில் சுமையை அறிதல் வேண்டும். கட்டடத்தின் தன் எடை ஒன்று. அதிலுள்ள ஆட்களும் பொருள்களும் தரும் எடை மற்றொன்று. காற்றின் விசை மூன்றாவது. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோகிராம் எடையுள்ளது. ஆயினும் குழாய்க் கொட்டகையில் எஃகு சிறிதளவே உண்டு, கூரையோ இலேசானது. எனவே, அதற்குப் பெரும்பகை கீழ்நோக்கி அழுத்தும் எடையன்று. மேல்நோக்கித் தூக்கும் காற்றே. கூரையின்மேல் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே புகுந்த காற்றோ கீழிருந்து தள்ளுகிறது. ஆதலின் தூணின் அடி, சுமையைத் தாங்கினால் மட்டும் போதாது. மண்ணை இறுகப் பற்றியும் இருத்தல் வேண்டும்.

அடுத்தது, விசை செல்லும் வழி. கூரையின் சுமை கைம்மரத்துக்கும், அங்கிருந்து உத்தரத்துக்கும், பின் தூண் வழியாக அடித்தளத்துக்கும் இறங்குகிறது. நம் தச்சர்கள் மரத்துக்கு வழங்கிய இப்பெயர்கள் எஃகுக்கும் பொருந்துவன. இவ்வழியில் ஓரிடம் நலிந்திருப்பினும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை. பெரும்பாலும் நலிவு தோன்றும் இடம் இணைப்பே. பற்றவைப்பும் திருகாணியும் உறுப்புகளைப் போலவே கணக்கிடப்பட வேண்டும்.

மூன்றாவது, உறுப்பின் மெலிவு. ஒரு பிரம்பை இரு கைகளாலும் இழுத்தால் அது அறுவதில்லை. அதையே இரு முனையிலும் பிடித்து அமுக்கினால் உடனே வில்லாக வளைகிறது. எஃகும் அத்தன்மையதே. இழுவிசையில் அதன் முழு வலிமையும் பயன்படும். அமுக்க விசையிலோ, நீண்டு மெலிந்த தண்டு நசுங்குவதற்கு நெடுமுன்னரே வளைந்து விழும். கணித மேதை ஆய்லர் 1744இல் இதற்கு விதி கண்டார். மெல்லிய தூணின் நீளத்தை இருமடங்காக்கினால் அது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். நீண்ட தூண்களுக்கு இடையிடையே குறுக்குத் தண்டுகள் வைப்பதும், சட்டகங்களை முக்கோணம் முக்கோணமாக அமைப்பதும் இதனாலேயே. நான்கு தண்டுகளை ஆணியால் இணைத்த சதுரம் தள்ளினால் சாயும். மூன்று தண்டுகளின் முக்கோணம் சாயாது. ஆசிரியர்கள் வகுப்பிலேயே இதைச் செய்து காட்டலாம்.

இவற்றினும் நுட்பமானது, கட்டடத்தின் கால்கள் எவ்வாறு நிற்கின்றன என்பது. 100 மீட்டர் நீளமுள்ள எஃகு, வெப்பம் 30 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளும். கால் நகர இடமிருந்தால் தீங்கில்லை. இறுக்கப்பட்டிருந்தால் பெருவிசை பிறக்கும். மேலும், முதுகில் கூடை சுமந்தவர் சற்றே குனிந்தால், கூடையே அவரை இன்னும் குனியச் செய்கிறதன்றோ? அவ்வாறே, சிறிது சாய்ந்த சட்டகத்தை அதன் சுமையே மேலும் சாய்க்கிறது. இந்த இரண்டாம் நிலைக் கணக்கைப் பெரிய கூரைகளுக்கு விட்டுவிடலாகாது.

விட்டால் என்ன நேரும் என்பதை மலேசியா கண்டிருக்கிறது. குவாலா திரெங்கானுவில் 50,000 பேர் அமரத்தக்க சுல்தான் மிசான் சைனல் அபிடின் விளையாட்டரங்கம் 2008இல் திறக்கப்பட்டது. அதன் எஃகுக் கூரையின் ஒரு பெரும்பகுதி 2009 ஜூன் 2ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. நல்வேளையாக உயிரிழப்பு இல்லை. ஆராய்ந்த குழு, கூரை தாங்கப்பட்டிருந்த நிலையை வடிவமைப்பு உரியவாறு கருதவில்லை எனவும், இரண்டாம் நிலைக் கணக்குச் செய்யப்பட்டிருக்க வேண்டும் எனவும் கண்டது. கூரையை நிறுவிய முறையிலும், பொருளின் தரத்திலும், வேலைப்பாட்டிலும் குறைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அவ்வரங்கில் மீண்டும் எஃகுச் சட்டகம் சரிந்து, பணியாற்றிக்கொண்டிருந்த தொழிலாளர் காயமுற்றனர்.

இன்று கணினி இக்கணக்குகளையெல்லாம் நொடியிற் செய்து தருகிறது. ஆனால், கால் இறுகியுள்ளதா, நகர வல்லதா என்பதை அதற்குச் சொல்பவர் மனிதரே. தாளில் எழுதிய காலும் தரையில் நட்ட காலும் வேறுபட்டால் விடை பிழையாகும்; அப்பிழையைச் சுமப்பவர் கூரையின்கீழ் நிற்பவர். எனவே வடிவமைப்பவர் களத்துக்குச் சென்று பார்ப்பதும், கட்டுவோர் வரைபடத்தை மாற்றுமுன் அவரைக் கேட்பதும் கணக்கின் பகுதியே ஆகும்.