18 வயதுக்குப் பின் பாதுகாவலர் யார்? சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோர் அறியவேண்டிய சட்டங்களும் திட்டங்களும்

புதுதில்லி: அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றுடன் வளரும் பிள்ளைக்காகக் கையெழுத்திடும் உரிமை தங்களுக்கு எப்போதும் இருக்கும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் நிலை அதுவன்று. பிள்ளைக்கு 18 வயது நிறையும் நாளில், இயற்கைப் பாதுகாவலர் என்ற பெற்றோரின் தகுதி முடிவுக்கு வருகிறது. அதன் பின் வங்கிக் கணக்கை இயக்கவோ, பிள்ளையின் பெயரிலுள்ள சொத்தைக் கவனிக்கவோ தந்தை, தாய் என்ற உறவு மட்டும் போதாது.

நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவு செய்தது. அவர்களுள் அறிவுசார் குறைபாடு உடையோர் சுமார் 15 லட்சம் பேர். இக்குடும்பங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வி, "எங்களுக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார்?" என்பது. முடிவெடுப்பவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும், அன்றாடப் பராமரிப்பு யார் கையில் என அக்கேள்விக்குள் தனித்தனிக் கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஏற்பாடு தேவைப்படுகிறது.

முதல் படி: சான்றிதழ்

எல்லா உதவிகளுக்கும் அடிப்படையாக அமைவது மாற்றுத்திறனாளி சான்றிதழும், அதனுடன் வழங்கப்படும் யுடிஐடி எனும் தனித்துவ அடையாள அட்டையும் ஆகும். 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் இணையவழியிலேயே வழங்கப்படுகின்றன. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குறைபாடுகளின் வகைகளை 7-இலிருந்து 21 ஆக உயர்த்தியது. குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.

குறைபாட்டை இளவயதிலேயே கண்டறிய, 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன.

பாதுகாவலர் நியமனம் எப்படி?

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இதன்கீழ் பாதுகாவலரை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட அளவிலான உள்ளூர் நிலைக் குழுவுக்கு வழங்கப்பட்டுள்ளது. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் இக்குழுவில் இடம்பெறுவர். நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே பாதுகாவலரை நியமித்துக்கொள்ள இச்சட்டம் வழிவகுக்கிறது.

பெற்றோர் தங்களையே பாதுகாவலராக நியமிக்குமாறு விண்ணப்பிக்கலாம். உடன்பிறந்தவர், உறவினர் முதலியோரையும் முன்மொழியலாம். உண்மையிலேயே பாதுகாவலர் தேவையா, எந்த நோக்கங்களுக்காகத் தேவை என்பதைக் குழு ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். இக்குழு அளிக்கும் சான்றிதழை ஏற்று வங்கிக் கணக்கைத் தொடங்கவும் இயக்கவும் அனுமதிக்குமாறு ரிசர்வ் வங்கி 2007-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வங்கிக் கிளையில் மறுப்பு எழுந்தால் இந்தச் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டலாம்.

நியமனத்தோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பாதுகாவலர் ஆறு மாதங்களுக்குள் அசையும், அசையாச் சொத்துகளின் பட்டியலைக் குழுவிடம் அளிக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். பிள்ளையைத் துன்புறுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடல் செய்தாலோ அவரை நீக்கக் கோரிப் பெற்றோர், உறவினர் அல்லது பதிவு பெற்ற நிறுவனம் குழுவிடம் முறையிடலாம்.

முழு அதிகாரமா, துணையா?

மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்கு நிகரான சட்டத் தகுதி உண்டு என்று வலியுறுத்தும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன் தாக்கம் 2016 சட்டத்தில் தெரிகிறது. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு, "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்ற முறையை அறிமுகப்படுத்தியது. இதில் பாதுகாவலர் தாமாக முடிவெடுப்பதில்லை. சம்பந்தப்பட்டவருடன் கலந்து, குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு மட்டும் துணை நிற்கிறார். ஆகவே தம் பிள்ளையால் எவற்றைத் தாமே முடிவு செய்ய இயலும் என்பதைப் பெற்றோர் முதலில் மதிப்பிட வேண்டும். சிறுதொகையைக் கையாளவும், தன் விருப்பத்தைச் சொல்லவும் சிறுவயதிலேயே பழக்கினால், பின்னர் தேவைப்படும் துணையின் அளவு குறையும்.

சொத்தை யார் பெயரில் வைப்பது?

"எல்லாவற்றையும் மூத்த மகளுக்கு எழுதிவிடுகிறோம், தம்பியை அவள் பார்த்துக்கொள்வாள்" என்பது பல வீடுகளில் கேட்கும் முடிவு. அன்பின் அடிப்படையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் எந்த நிபந்தனையும் இன்றிச் சொத்து கைமாறிய பின், அதைத் தம்பிக்காகவே செலவிட வேண்டும் என்று வலியுறுத்த உறுதியான சட்ட ஆதாரம் இருக்காது. மகளுக்கே கடன், நோய் அல்லது மரணம் நேர்ந்தால் அந்தச் சொத்து வேறு கைகளுக்குச் செல்லக்கூடும். நேரடியாகப் பிள்ளையின் பெயருக்கே எழுதிவைத்தால், அதை நிர்வகிக்கப் பாதுகாவலர் தேவைப்படுவார்.

இவ்விரண்டுக்கும் மாற்றாக அமைவது, 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் உருவாக்கும் தனியார் அறக்கட்டளை. சொத்து அறங்காவலர்களின் பெயரில் இருக்கும். ஆவணத்தில் கூறியபடி அதன் பயன் பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் பிள்ளையைச் சேரும். அதன் பின் மீதம் யாருக்கு என்பதையும் எழுதிவைக்கலாம். பாதுகாவலரும் அறங்காவலரும் வெவ்வேறு நபர்களாக இருந்தால், ஒருவர் செலவை மற்றவர் கண்காணிக்க முடியும்.

அறக்கட்டளை அமைக்க இயலாதவர்கள் உயிலையேனும் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் வைத்திருப்பது அவசியம். நாமினியைக் குறிப்பிட்டுவிட்டால் உயில் தேவையில்லை என்ற எண்ணம் தவறானது. நிறுவனப் பங்குகளைப் பொறுத்தவரை, நாமினி என்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது.

ஓய்வூதியமும் விடுப்பும்

மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, குறைபாடு காரணமாகப் பிழைப்புக்கு வருமானம் ஈட்ட இயலாதவராக இருந்தால், வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். 2021-இல் இதன் வருமான வரம்பு தளர்த்தப்பட்டது. பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே சேர்த்துவிட்டால் பிற்கால அலைச்சல் குறையும்.

மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள்கள் உண்டு. பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரையே இது பொருந்தும்; மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. இத்தகைய விடுப்பை மறுத்த மாநிலக் கொள்கையை மறுபரிசீலனை செய்யுமாறு, இமாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

காப்பீடும் வரிச் சலுகையும்

மேற்கூறிய நான்கு பிரிவினருக்காகத் தேசிய அறக்கட்டளை நடத்தும் "நிராமயா" திட்டம், ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு வழங்குகிறது. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. புறநோயாளி சிகிச்சையும் தெரபிகளும் இதில் அடங்கும் என்பதே பிற காப்பீடுகளிலிருந்து இதன் முக்கிய வேறுபாடு.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு ரூ.75,000 கழிவையும், குறைபாடு 80 சதவீதத்துக்குக் குறையாதபோது ரூ.1.25 லட்சம் கழிவையும் அளித்தது. இப்பிரிவின்கீழ் வாங்கிய காப்பீட்டின் தொகை, பெற்றோரின் மறைவுக்குப் பின்னரே பிள்ளைக்குக் கிடைக்கும் என்ற நிலை 2022-இல் மாற்றப்பட்டது. 60 வயது எட்டிய பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பிள்ளை அதைப் பெற வழி செய்யப்பட்டது.

எப்போது தொடங்குவது?

குறைபாடு உறுதியானதும் சான்றிதழையும் காப்பீட்டையும் பெற்றுவிடலாம். பத்து வயதுக்குள் உயில் எழுதிவிடுவது நல்லது. 17 வயதில் பாதுகாவலர் நியமனத்துக்கான ஆவணங்களைத் திரட்டத் தொடங்கினால், 18 நிறைந்தவுடன் விண்ணப்பிக்கலாம்.

இவற்றோடு, சட்ட மதிப்பு இல்லாவிட்டாலும் பெரிதும் பயன்படும் ஓர் ஆவணம் உண்டு. பிள்ளை உண்ணும் மருந்துகள், ஒவ்வாத உணவு, அஞ்சும் ஒலிகள், அழுதால் அமைதிப்படுத்தும் முறை, நம்பும் மனிதர்கள் ஆகியவற்றைத் தாயும் தந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, ஆண்டுதோறும் திருத்திவர வேண்டும். பேச இயலாத பிள்ளையின் விருப்பு வெறுப்புகள் பெரும்பாலும் பெற்றோரின் நினைவில் மட்டுமே உள்ளன.

வயது முதிர்ந்த பெற்றோரே பாதுகாவலராக இருந்தால், அவர்களின் மறைவுக்குப் பின் புதிய நியமனம் தேவைப்படும். எனவே அடுத்துப் பொறுப்பேற்க இருப்பவரிடம் இப்போதே பேசி, அவரது சம்மதத்தைப் பெற்று, ஆவணங்கள் இருக்கும் இடத்தையும் தெரிவித்துவிட வேண்டும்.